எந்தத் தேதிக்குள்?
பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் வெளியுறவில் மனித உரிமைக் கணக்கும்



வெளியுறவுக் கொள்கையில் மனித உரிமைக்கு இடம் உண்டா என்பது பற்றிப் பேசச் சொல்லியிருந்தீர்கள். இந்தப் பேச்சை வழக்கமாக ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடும் ஜெனீவாவில் தொடங்குவார்கள். நான் லண்டனில், ஒரு கூட்ட அறையில் தொடங்குகிறேன்.

வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்கு எதிரே, சாலைக்கு மறுபுறம், போர்ட்கல்லிஸ் ஹவுஸ் என்ற கட்டடம் இருக்கிறது. அதன் முதல் மாடியில் நாடாளுமன்றக் குழுக்கள் கூடும் அறைகள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். வாசலில் பையைச் சோதித்தார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. லாட வடிவ மேசையைச் சுற்றி உறுப்பினர்கள். லாடத்தின் திறந்த பக்கத்தில் சாட்சி. அவருக்குப் பின்னால் எங்களைப் போன்ற பார்வையாளர்களுக்கு நாற்காலிகள். ஆகவே ஒன்றரை மணி நேரமும் நான் பார்த்தது ஓர் உயரதிகாரியின் முதுகைத்தான். ஒரு கேள்விக்கு அவர் கோப்பின் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, எழுத்துமூலம் பதில் அனுப்புகிறேன் என்றார். "எந்தத் தேதிக்குள்?" என்று கேட்டார் குழுத் தலைவர். குரல் உயரவில்லை. அதிகாரியின் பிடரி சற்றே சிவந்தது. தேதி சொன்னார். குழுவின் எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

நான் இன்று பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். மனித உரிமையில் அக்கறை உண்டு என்று சொல்லாத அரசு உலகில் இல்லை. "வெளியில் சொல்லாமல், நேரில் பேசும்போது அழுத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று எல்லா வெளியுறவு அமைச்சகங்களும் சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எப்போது சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள், என்ன நடந்தது என்று கேட்க உரிமை உள்ள ஒருவர் இருந்து, அவருக்குத் தேதி போட்டுப் பதில் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தால்தான் அந்த அக்கறை அடுத்த ஆண்டு வரை உயிரோடு இருக்கும். இது என் உறுதியான எண்ணம்.

பிரிட்டனில் போரும் ஒப்பந்தமும் நெடுங்காலம் மன்னரின் தனியுரிமை. பின்னால் மன்னரின் பெயரால் அமைச்சர்களின் உரிமை. துறைவாரியான தெரிவுக் குழுக்கள் 1979இல்தான் வந்தன. வெளியுறவுக் குழு அவற்றுள் ஒன்று. இப்போது 11 உறுப்பினர்கள். இந்தக் குழுவால் ஒரு தூதரைத் திரும்ப அழைக்க முடியாது, ஓர் ஒப்பந்தத்தைக் கிழிக்க முடியாது, ஆயுதக் கப்பலை நிறுத்த முடியாது. ஆட்களை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், அறிக்கை எழுதலாம். அறிக்கைக்கு அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இவ்வளவுதான் கையில் இருக்கும் ஆயுதம். இது போதுமா என்று கேட்பவர்களுக்காக ஓர் அணைக்கட்டின் கதையைச் சொல்கிறேன்.

மலேசியாவின் வடகோடியில், கிளந்தான் மாநிலத்தில் பெர்காவ் என்ற ஆறு. அதன் குறுக்கே நீர்மின் அணை கட்ட பிரிட்டன் 234 மில்லியன் பவுண்டு உதவி கொடுத்தது. ஏழை நாட்டுக்கு உதவி, நல்ல காரியம் என்றுதான் வெளியில் தெரிந்தது. உள்ளே வேறு கணக்கு ஓடியது. 1988 மார்ச்சில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் ஒரு குறிப்பில் கையெழுத்திட்டிருந்தார்: மலேசியா வாங்கும் ஆயுதங்களின் மதிப்பில் 20 விழுக்காடு அளவுக்கு வளர்ச்சி உதவி. உதவியை ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது அரசின் சொந்தக் கொள்கை. தவறு தெரிந்து, இரண்டும் வேறு வேறு என்று பிறகு கடிதம் எழுதினார்கள். ஆனாலும் ஆயுத ஒப்பந்தமும் நடந்தது, அணை உதவியும் நடந்தது.

1989இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் மலேசியப் பிரதமர் மகாதீருக்கு வாக்குக் கொடுத்தபோது அணையின் மதிப்பீடு 316 மில்லியன் பவுண்டு. சில வாரங்களிலேயே கட்டுமான நிறுவனங்கள் அதை 397 மில்லியனாக ஏற்றின. வெளிநாட்டு உதவி நிர்வாகத்தின் பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எரிவாயுவில் மின்சாரம் எடுப்பதைவிட இந்த அணையின் மின்சாரம் மலேசிய மக்களுக்கு மிக அதிக விலையில் முடியும் என்று கண்டார்கள். அந்த நிர்வாகத்தின் நிரந்தரச் செயலர் டிம் லான்கெஸ்டர். அவர் மேசைக்குக் கோப்பு வந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நடைமுறை உண்டு. பிரிட்டனில் ஒரு துறையின் நிரந்தரச் செயலர் அந்தத் துறையின் கணக்குப் பொறுப்பாளரும் ஆவார். செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அவர் தம் பெயரில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு செலவு முறையற்றது, வீண் என்று அவர் கருதினால், செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால், "எழுத்தில் உத்தரவு கொடுங்கள்" என்று அமைச்சரைக் கேட்கலாம். உத்தரவு வந்தால் செலவு நடக்கும். பொறுப்பு மட்டும் அமைச்சர் தலைமேல் ஏறிவிடும். அந்தத் தாள் தலைமைத் தணிக்கையாளரின் பார்வைக்கும் போகும்.

லான்கெஸ்டர் கேட்டார். 1991 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்தில் உத்தரவு கொடுத்தார். பணம் போனது. ஒரு தாள் கோப்பில் உட்கார்ந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் அது அப்படியே இருந்தது. 1993 அக்டோபரில் தணிக்கை அறிக்கை வெளிவந்தபோது நாட்டுக்கே தெரிந்துவிட்டது. 1994 ஜனவரியில் லான்கெஸ்டர் பொதுக் கணக்குக் குழு முன் உட்கார்ந்து, இது உதவித் திட்டத்தையே தவறாகப் பயன்படுத்திய செயல் என்று தாம் கருதியதைச் சொன்னார். ஒரு செயலர், பதவியில் இருந்த அரசின் முடிவைப் பற்றி, பொது அறையில் சொன்னார். அடுத்து வெளியுறவுக் குழு விசாரணையைக் கையில் எடுத்தது. பத்திரிகைச் செய்திகளால் சினந்த மகாதீர் அரசு, அந்தப் பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தம் கிடையாது என்று அறிவித்தது. செப்டம்பரில்தான் தடை நீங்கியது. இந்த விசாரணைகளால் நாட்டின் வணிகம் கெட்டது என்று அன்று பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கேள்விக்கு விலை உண்டு. அதைக் கொடுக்கத் தயாராக இருந்தது அந்த நாடாளுமன்றம்.

1994 நவம்பர் 10ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம், அந்த உதவி 1980ஆம் ஆண்டு வெளிநாட்டு வளர்ச்சி உதவிச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது வேர்ல்ட் டெவலப்மெண்ட் மூவ்மெண்ட் என்ற தொண்டு அமைப்பு. அவர்களால் வழக்குப் போட முடிந்ததே தணிக்கையும் குழுக்களும் உண்மையை வெளியே கொண்டுவந்ததால்தான். 2002இல் வந்த சர்வதேச வளர்ச்சிச் சட்டம், வெளிநாட்டு உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பே என்று எழுதி வைத்தது. ஆயுத வியாபாரத்துக்கு உதவிப் பணத்தைத் தூண்டிலில் கோக்கும் வழி சட்டத்தால் அடைபட்டது. எல்லாம் அந்த ஒற்றைத் தாளிலிருந்து.

அதே காலத்தில் இராக்குக்கு ஆயுதம் போன விவகாரத்தில் நீதிபதி ஸ்காட்டின் விசாரணை அறிக்கை வந்தது. 1,800 பக்கங்களுக்கு மேல். அதை வாசிக்க எதிர்க்கட்சிக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம்தான். அதைப் படித்து அவையில் அரசைத் திணறடித்தவர் ராபின் குக். 1996 பிப்ரவரி 26 வாக்கெடுப்பில் அரசு 320க்கு 319 என்று ஒரே வாக்கில் தப்பியது. அடுத்த ஆண்டு அதே குக் வெளியுறவு அமைச்சரானார். 1997 மே 12ஆம் தேதி, தம் வெளியுறவுக் கொள்கைக்கு அறம் சார்ந்த ஒரு பரிமாணம் இருக்கும் என்று அறிவித்தார். முந்தைய அரசு இந்தோனேசியாவுக்கு உரிமம் கொடுத்திருந்த ஹாக் போர் விமானங்களை அவர் நிறுத்தவில்லை. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோர் மக்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் அதை மன்னிக்கவில்லை. அவர்கள் கோபம் நியாயம். ஆனால் குக் செய்த இன்னொரு காரியம், அவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. 1998 முதல் வெளியுறவு அலுவலகம் ஆண்டுதோறும் மனித உரிமை அறிக்கை வெளியிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நாடாளுமன்றக் குழு அதை ஆராயத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆயுத ஏற்றுமதிக்கும் ஆண்டறிக்கை வந்தது. அதைப் பார்க்க நான்கு குழுக்கள் கூட்டாக உட்கார்ந்தன.

ஆண்டறிக்கை என்றால் கொட்டாவி வருகிறதல்லவா? அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை தூதரகங்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, தாம் இருக்கும் நாட்டில் எத்தனை பத்திரிகையாளர்கள் சிறையில் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கப் போனோமா, விசாரணைக்கு ஆள் அனுப்பினோமா என்று ஒரு பத்தியாவது எழுதியாக வேண்டும். எழுத ஒன்றும் இல்லை என்றால் எதையாவது செய்தாக வேண்டும். அடுத்த ஆண்டு அறிக்கையில் சென்ற ஆண்டின் வாக்கியம் காணாமல் போனால், குழு இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்கலாம்.

2015 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெளியுறவு அலுவலகத்தின் நிரந்தரச் செயலர் சைமன் மெக்டொனால்ட் குழு முன் வந்தார். மனித உரிமை இப்போது எங்கள் தலையாய முன்னுரிமைகளுள் ஒன்று அல்ல, வணிக வளம் பட்டியலில் அதற்கு மேலே இருக்கிறது என்ற பொருளில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அமைச்சர்கள் யாரும் மேடையில் சொல்லாத உண்மை அது. கேள்வி கேட்கப்பட்டதால் வெளிவந்தது. குழு அதை விடவில்லை. மனித உரிமைப் பணிக்கு எவ்வளவு பணம், எத்தனை பேர் என்று தனி விசாரணை நடத்தி, 2016 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. அரசு பின்வாங்குகிறது என்ற எண்ணம் வெளியில் பரவியிருப்பதையே அதில் குறையாக எடுத்து வைத்தது.

பஹ்ரைன் இன்னொரு சான்று. 2011இல் அங்கே மக்கள் எழுச்சி நசுக்கப்பட்டது. அப்போதும் அது பிரிட்டனின் மனித உரிமை அறிக்கையில் கவலைக்குரிய நாடுகள் பட்டியலில் ஏறவில்லை. நெடுநாள் நட்பு நாடு அல்லவா? 2012இல் குழு சவூதி அரேபியாவையும் பஹ்ரைனையும் பற்றி விசாரணை தொடங்கியதும், தங்கள் நாடு அவமதிக்கப்பட்டதாக சவூதித் தூதர் பி.பி.சி.யிடம் வருத்தப்பட்டார். நாடாளுமன்றக் குழு வேறு, அரசு வேறு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 2013 நவம்பரில் வந்த அறிக்கை நயமாகவும் திட்டமாகவும் ஒன்று சொன்னது: 2014 தொடக்கத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் பஹ்ரைனைப் பட்டியலில் சேருங்கள். மறுபடியும் தேதி. உடனே சேர்க்கவில்லை. 2016இல் வெளியான அறிக்கையில், அந்தப் பட்டியலுக்குப் பதிலாக வந்த 30 முன்னுரிமை நாடுகளுள் பஹ்ரைன் இருந்தது. குழுவால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைக்காலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் இவர்கள்.

நம் மக்களுக்கு நேரடித் தொடர்புள்ள கதைக்கு வருகிறேன். 2013 நவம்பரில் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு கொழும்பில். அதற்கு ஓராண்டு முன்பே, 2012 நவம்பரில், வெளியுறவுக் குழு தன் காமன்வெல்த் அறிக்கையில், கொழும்பைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்றது. மனித உரிமை நிலையில் உண்மையான முன்னேற்றம் சுதந்திரமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தாம் வரப்போவதில்லை என்று பிரதமர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றது. அரசு ஏற்கவில்லை. 2013 அக்டோபரில் குழு மறுபடி வந்தது, இந்த முறை பழைய கோப்பைத் திறந்துகொண்டு. 2011 மாநாட்டை இலங்கை நடத்துவதை 2009இல் மனித உரிமைக் காரணம் காட்டி எதிர்த்த பிரிட்டன், 2013க்குத் தள்ளிவைத்தபோது ஏன் தடுக்கவில்லை? ஒரு நிபந்தனையாவது ஏன் விதிக்கவில்லை? இது துணிவற்றதாகத் தெரிகிறது என்று எழுதியது. இத்தனைக்கும் 2009இல் இருந்தது ஒரு கட்சியின் அரசு, 2013இல் இருந்தது வேறு அரசு. கேள்வி கட்சி பார்க்கவில்லை.

கனடாவின் பிரதமர் ஹார்ப்பர் போகவில்லை. அன்றைய நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் போகவில்லை; நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் புறக்கணிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் போனார். ஆனால் நவம்பர் 15ஆம் தேதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போனார். உதயன் பத்திரிகையின் அலுவலகத்தில், தாக்குதலில் சிதைந்தவற்றைப் பார்த்தார். பொது நூலகத்துக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி, நெகிழி உறை போட்டு, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். காணாமல் போன மகன், கணவன், அண்ணன். போலீஸ் வரிசையை மீறி வாகனங்களை நோக்கி ஓடினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அதைக் காட்டின. 2014 மார்ச்சுக்குள் போர்க்குற்றப் புகார்கள் பற்றி நம்பத்தகுந்த விசாரணை தொடங்காவிட்டால் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் சர்வதேச விசாரணை கோருவோம் என்றார் கேமரன். மார்ச் 27ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12.

பிரதமர் போகக் கூடாது என்றது குழு; அவர் போனார். தோல்விதானே என்று கேட்கலாம். இரண்டு அறிக்கைகளுக்குப் பதில் எழுதியிருந்த ஓர் அரசு, வெறும் விருந்துக்குப் போய்த் திரும்பியிருக்க முடியாது. அந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. காரணமாக ஒரு தேதியையும் சொல்ல வேண்டியிருந்தது. நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இதே குழு வழுக்கி விழுந்த நாளையும் சொல்லாமல் போவது சரியல்ல. 2003இல் இராக் போரை நியாயப்படுத்த அரசு வெளியிட்ட ஆவணங்களைப் பற்றிக் குழு விசாரித்தது. உளவுத் துறை ஆவணங்களைக் கேட்டது, அரசு கொடுக்கவில்லை. அந்தக் கதவு மூடியிருந்தது. ஜூலை 15ஆம் தேதி குழு முன் வந்து உட்கார்ந்தவர் டேவிட் கெல்லி. இராக்கில் ஆயுதப் பரிசோதகராக இருந்த விஞ்ஞானி, ஒரு செய்தியாளரோடு பேசியதற்காக மாட்டிக்கொண்டவர். வெக்கையான நாள். அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்ததால் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார்கள். கேள்விகள் கடுமையாக வந்தன. மூன்று நாள் கழித்து அவர் உடல் ஒரு காட்டோரத்தில் கிடைத்தது. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. கேட்கும் உரிமை கூர்மையானது. மேலே உள்ளவர்மேல் பாய முடியாதபோது கீழே உள்ளவர்மேல் பாய்ந்துவிடுகிறது. லான்கெஸ்டரைக் காக்க ஓர் எழுத்து உத்தரவு இருந்தது. கெல்லிக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

குழுவின் முதுகெலும்பு தானாக வந்ததும் அல்ல. 2001இல் ஆளுங்கட்சிக் கொறடாக்கள், கேள்வி அதிகம் கேட்கிறார் என்று, வெளியுறவுக் குழுத் தலைவர் டொனால்ட் ஆண்டர்சனைப் பட்டியலிலிருந்தே நீக்கப் பார்த்தார்கள். ஜூலை 16ஆம் தேதி அவை அதைத் தோற்கடித்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே ஏராளமாக எதிர்த்து வாக்களித்தார்கள். 2010 முதல் குழுத் தலைவர்களை முழு அவையும் ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறது. 2014இல் ஹாங்காங் போக விரும்பிய இதே குழுவை சீனா உள்ளே விட மறுத்தது. 2021இல் அதன் தலைவர் டாம் டுகென்தாட்மேல் தடை விதித்தது. கட்டுக்கடங்காத கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பெய்ஜிங்குக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். அந்த 2014 மார்ச் 27 வாக்கெடுப்பில் நடுநிலை வகித்த 12இல் இந்தியாவும் ஒன்று. முந்தைய இரண்டு ஆண்டுகளும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடு நாம். வெளியிலிருந்து திணிக்கும் விசாரணை உதவாது என்ற காரணம் சொல்லப்பட்டது. அது வாசிக்கப்பட்ட இடம் ஜெனீவா, நம் நாடாளுமன்றம் அல்ல. நம் அரசமைப்பில் ஒப்பந்தங்களுக்கும் நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தானது. மக்களவையில் அறிக்கை வைக்கப்பட்டது ஜூலை 23ஆம் தேதி. பிரிட்டனில் 1924 முதலே ஒப்பந்தத்தை 21 நாள் அவையின் முன் வைக்கும் வழக்கம் இருந்தது. 2010இல் சட்டமாகவும் ஆனது.

நம்மிடமும் 1993 முதல் வெளியுறவுக்கு நிலைக்குழு இருக்கிறது. சீனாவுடனான டோக்லாம் எல்லைப் பிரச்சினை பற்றி 2018இல் சசி தரூர் தலைமையில் அது தந்த அறிக்கையை யாரும் படிக்கலாம். ஆனால் அது கூடுவது மூடிய கதவுக்குள். அமைச்சர் வருவதில்லை, செயலர்கள் வருகிறார்கள். அவர்கள் பிடரி சிவந்ததா என்று பின்னால் உட்கார்ந்து பார்க்க நமக்கு நாற்காலி கிடையாது. வெளியுறவுக் குழுவின் சாட்சிய அமர்வுகளில் ரகசியம் தேவைப்படாதவற்றையாவது திறந்து வையுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் மூடுவதை ஏற்க எனக்கு மனமில்லை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன், மாணவர்களே. நிலைக்குழு ஒவ்வொரு ஆண்டும் வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை ஆராய்ந்து அறிக்கை தருகிறது. மூன்று மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்து, நடவடிக்கை அறிக்கை என்று இன்னொன்று அச்சாகும். அதில் அத்தியாயங்கள் பிரித்திருப்பார்கள்: அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள், குழு மேலும் வலியுறுத்த விரும்பாதவை என்று. நான்காம் அத்தியாயத்தில், அரசின் பதிலைக் குழு ஏற்காமல் மறுபடி வற்புறுத்தும் பரிந்துரைகள் இருக்கும். ஐந்தாவதில் இறுதிப் பதில் இன்னும் வராதவை. நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாம் கிடைக்கும். நான்காம் அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.